காசை விளக்குவதும் கரைப்பதும்

பழஞ் செப்புக் காசொன்று கையிற் கிடைத்தவுடன் தமிழர் செய்யும் முதல் வேலை, அதனைப் புளியிட்டுத் தேய்ப்பதுதான். ஏரோட்டும் உழவரும் அதனையே செய்கின்றார். ஆற்று மணலைச் சலிப்பவரும் அதனையே செய்கின்றார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுக் காசு திரட்டுதலை விருப்பமாகக் கொண்டவரும் அதனையே செய்கின்றார். புளி இல்லையெனின் எலுமிச்சை. அதுவும் இல்லையெனின் சாம்பலும் செங்கற்பொடியும். பொறுமையற்றவர் பொற்கொல்லர் பட்டறைக்குச் சென்று வெடியக் காடியில் ஒருமுறை முக்கி எடுத்து விடுகின்றார். பச்சையும் கருமையுமாய்க் கிடந்த காசு நொடியிற் செக்கச் செவேலென்று மின்னுகின்றது. காசை விளக்கியாயிற்று என்று மகிழ்ச்சி வேறு!

தமிழில் விளக்குதல் என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஏனத்தைத் தேய்த்துத் துலக்குதல் ஒன்று. விளங்காத ஒன்றை விளங்கச் செய்தல் மற்றொன்று. ஏனத்திற்கு முதற்பொருள் பொருந்தும். நாடோறும் உணவு சமைக்கும் செப்பேனத்திற் களிம்பு ஏறின் அது நஞ்சு. புளியிட்டு அதனைப் போக்குதல் அறிவுடைமை. வழிவழியாக இல்லந்தோறும் நிகழ்ந்துவரும் அவ் வேலையிற் குறைகாண ஏதுமில்லை. அடுக்களை ஏனத்திற்கு உரிய அந்தக் கையை அப்படியே ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய காசின்மேற் கொண்டுபோய் வைப்பதுதான் பிழை. காசுக்கு வேண்டுவது இரண்டாவது விளக்கம். அந்த விளக்கத்திற்கு வழியில்லாமற் செய்துவிடுகின்றது முதல் விளக்கம்.

மண்ணுக்குள் புதைந்த செப்புக் காசுக்கு என்ன நேர்கின்றது என்பதை முதற்கண் அறிந்துகொள்ளுதல் வேண்டும். செம்பு பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதன்று. கல்லோடும் பிற பொருள்களோடும் கலந்து கனிமமாகவே நிலத்திற் கிடைப்பது. அதனை உருக்கி மாழை(உலோகம்)யாக்கி அச்சடித்துக் காசாக்கியவன் மாந்தன். மீண்டும் மண்ணுக்குட் சென்ற காசு, தன் பழைய கனிம நிலைக்கே மெல்ல மெல்லத் திரும்புகின்றது. உயிர்வளியோடு கூடி மாழையை ஒட்டிக் கருஞ்சிவப்புப் படலம் ஒன்று முதலில் தோன்றுகின்றது. அதன்மேல், மண்ணின் ஈரமும் கரிவளியும் சேர்ந்து பச்சைப் படலத்தை எழுப்புகின்றன. அதற்கும் மேலே மணலும் சுண்ணமும் இறுகிப் புறவோடாய் அமைகின்றன. காசு கிடைத்தவர் கண்ணுக்கு இவை மூன்றும் ஒன்றாய், வெறும் அழுக்காய்த் தோன்றுகின்றன.

ஆனால் அழுக்கு என்பது புறத்தேயிருந்து வந்து ஒட்டுவது. புறவோட்டை வேண்டுமானால் அழுக்கெனலாம். பச்சையும் சிவப்பும் அவ்வாறு வந்து ஒட்டியவை அல்ல. காசின் செம்பே அவ்வாறு மாறி நிற்கின்றது. அச்சுப் பதிந்த மேற்பரப்பு எதுவோ அதுதான் முதலில் மாறிய பகுதி. எனவே, யானையும் மீனும் எழுத்தும் பதிந்திருந்த அந்தப் பரப்பு, நன்கு களிம்பேறிய காசுகளில் மாழையின்மீது இல்லை. சிவப்புப் படலத்திற்கும் பச்சைப் படலத்திற்கும் இடையிலோ, பச்சைப் படலத்தின் உள்ளேயோ ஒரு மெல்லிய தளமாக எஞ்சி நிற்கின்றது. மரம் கல்லாய் இறுகிய பின்னும் அதன் வளையங்கள் அக் கல்லிலே தெரிகின்றன அல்லவா? அந்தக் கல்லைக் கரைத்துவிட்டு உள்ளே மரத்தைத் தேடுவார் உண்டா?

புளியில் உள்ள காடிக்கு எழுத்தும் தெரியாது, அழுக்கும் தெரியாது. பச்சையைக் கரைக்கின்றது, சிவப்பையும் கரைக்கின்றது, இடையே நின்ற எழுத்தையும் உடன் கொண்டுபோகின்றது. எஞ்சுவது, அரிப்புண்டு குழிகுழியாய் நிற்கும் செம்பின் உட்கரு. அதனைத்தான் 'தெளிவான காசு' என்று பட்டுத்துணியிற் பொதிந்து வைக்கின்றனர்.

சிவனியக் கொண்முடிபு நூலார், உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாக எடுத்தாண்டனர். செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு. உரிய மருந்து பட்டால் அது நீங்கிச் செம்பு ஒளிரும் என்பது அவர் கருத்து. உயிருக்கும் மலத்திற்கும் அவ் வுவமை எத்துணைப் பொருத்தமோ, அறியோர் அறிவர். பழங்காசுக்கு அது தலைகீழ். ஈண்டுக் களிம்புதான் பொருளுடையது. உள்ளிருக்கும் செம்பு பேச்சற்றது.

இழப்பு எத்தகையது என்பதற்கு ஒரு காசைச் சொன்னாலே போதும். கழகக் காலத் தமிழ் வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டிலர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தோர் பலர். 1980களில் இரா. கிருட்டிணமூர்த்தி படித்து வெளிப்படுத்திய சதுரச் செப்புக் காசொன்று அவ் வாய்களை அடைத்தது. அதன் ஒருபுறம் குதிரை. அதனோடு 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயர், தமிழ்ப் பிராமி எனப்படும் தொல்லெழுத்தில். மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன். ஐந்தே எழுத்து! அந்த ஐந்தெழுத்தும் கூர்ந்து நோக்குவார்க்கன்றிப் புலப்படாத சிறுமையுடையன. அக் காசு அவர் கைக்கு வருமுன் யாரேனும் ஒருவர் அதனைப் புளிநீரில் ஓரிரவு ஊறவைத்திருந்தால், பெருவழுதி என்னும் பெயர் அப் புளிநீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும். குதிரை ஒருகால் எஞ்சியிருக்கலாம். குதிரை யாருடையது என்பது எவர்க்குத் தெரியும்?

வையையிலும் கருவூர் அமராவதியிலும் மணல் சலித்து எடுக்கப்பட்ட காசுகளுள், எழுத்துடையன எத்தனை இவ்வாறு எழுத்திழந்து போயின என்பதை இனி எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. இழந்தது இழந்தது என்பதற்குக்கூடச் சான்று இல்லாத இழப்பு இது. ஓலைச் சுவடி செல்லரித்தால் அரித்த துளையாவது எஞ்சும். துலக்கிய காசோ, எழுத்தே இல்லாத காசைப்போல் ஏமாற்றி நிற்கும்.

பிற்காலக் காசுகளுக்கும் இஃது ஒக்கும். பிற்காலப் பாண்டியர் செப்புக் காசுகளில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' என்றெல்லாம் தமிழெழுத்திற் பட்டப்பெயர்கள் உள்ளன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள், படுத்திருக்கும் காளையின் கீழ்ச் 'சேது' எனத் தமிழிற் பொறித்துக் காசு வெளியிட்டனர். இராசராசனின் செப்புக் காசோ, ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் தாங்கி, பெயரை மட்டும் நாகரி எழுத்திற் காட்டுகின்றது! தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரெல்லாம் தமிழில் வெட்டுவித்த அவ் வேந்தன், காசில் மட்டும் ஏன் இவ்வாறு செய்தான் என்பது தனியே ஆராய்தற்குரியது. அந்த ஆராய்ச்சிக்கும் எழுத்தழியாத காசுகளே வேண்டும். பிடிக்காத எழுத்தாயினும் சான்று சான்றே. அதனைத் தேய்த்தழிக்க எவர்க்கும் உரிமை இல்லை.

களிம்புக்கு இன்னுமொரு பயன் உண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காசின் பழமைக்குக் களிம்பே நேர்ச்சான்று. பல நூற்றாண்டு மண்ணிற் கிடந்து படலம் படலமாய் வளர்ந்த களிம்பை, காடியும் உப்பும் பூசிச் சில கிழமைகளில் வருவித்த போலிக் களிம்பினின்று உருப்பெருக்கியின் துணைகொண்டு தேர்ந்தவர் பிரித்தறிவர். துலக்கிய காசில் அந்தச் சான்று இல்லை. தேய்ந்த பரப்பில் ஊசியாற் கீறி எழுத்தைக் 'கூர்மைப்படுத்தும்' கைத்திறனும் காசு வணிகத்தில் அறியாத ஒன்றன்று. இன்று இணையத்திற் படம் போட்டு விற்குமிடத்துப் பளபளப்புக்கே விலை கூடுதல். நாளைக்குத் தமிழெழுத்துப் பொறித்த தொன்மையான காசொன்றை ஒருவர் கொண்டுவந்து காட்டினால், 'இது கள்ளக் காசு' என்று மறுப்பார் மறுக்கத்தான் செய்வர். மறுப்பவரை மறுக்கும் களிம்பு அப்போது எங்கே? தமிழரே தம் கையாற் கழுவிவிட்ட பின்னர்ப் பிறர்மேற் சினந்து யாது பயன்?

இவ்வளவும் கேட்ட சிலர், 'அவ்வாறாயின் காசைத் தொடாமல் அப்படியே போட்டுவைப்போம்' என்பர். அதுவும் பிழையே. களிம்புகளில் நல்லதும் உண்டு, நோயும் உண்டு.

நோய்க்களிம்பு உப்பினால் வருவது. கடற்கரை மண்ணிலும் உவர்நிலத்திலும் கிடந்த காசுக்குள், உப்பின் கூறாகிய குளோரைடு புகுந்து செம்போடு கூடி, மாழையை ஒட்டிய ஆழத்தில் தங்கிவிடுகின்றது. மண்ணுக்குள் அது ஒருவாறு அடங்கிக் கிடக்கும். காசு வெளியே வந்து ஈரக்காற்றுப் பட்டவுடன் விழித்துக்கொள்கின்றது. ஈரமும் உயிர்வளியும் அதனோடு கூடும்போது, வெளிறிய பச்சைத் தூள் ஒன்று உண்டாகின்றது. உடன் உப்புக் காடியும் உண்டாகின்றது. அந்தக் காடி புதிய செம்பை அரிக்கின்றது, அரித்ததனால் மீண்டும் அதே குளோரைடு, மீண்டும் ஈரம், மீண்டும் காடி. பழைய கடனின் வட்டியே முதலாகிப் புதிய வட்டி ஈனுவதுபோல் இது தானே தன்னை வளர்த்துக்கொண்டு, செம்பு உள்ளவரை ஓயாது. மேலையர் இதனை 'வெண்கல நோய்' என்று பெயரிட்டழைத்தனர். பிரெஞ்சு வேதியலறிஞர் பெர்த்தலோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இச் சுழற்சியை விளக்கினார். நோய்கொண்ட காசைப் பேழையில் இட்டு மறந்துவிட்டால், சில ஆண்டு கழித்துத் திறக்கும்போது தாளுறைக்குள் பச்சைப் பொடிதான் இருக்கும்.

நல்ல களிம்பு கரும்பச்சையாய், இறுகி, வழவழப்பாய் இருக்கும். நகத்தாற் கீறினும் உதிராது. நோய்க்களிம்பு வெளிறிய பச்சையாய், புள்ளி புள்ளியாய், மாப்போல உதிரும். ஐயம் எழுந்தால், ஈரப் பஞ்சு வைத்த மூடிய சிமிழுக்குள், பஞ்சு படாமற் காசை ஓரிரு நாள் வைத்துப் பார்த்தல் வேண்டும். புதுப் புள்ளிகள் அரும்பினால் நோய் உண்டு. இந்த அளவுக்கு எவரும் செய்யலாம். இதற்குமேல் மருத்துவம் செய்வது அறிந்தவர் வேலை.

அறிந்தவரும் இதனைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றனர் என்பதைச் சொல்லவேண்டும். செர்மனியின் பெர்லின் நகரத்து அரச அருங்காட்சியகங்களில் 1888இல் வேதியல் ஆய்வகம் அமைத்துப் பணியாற்றியவர் பிரீட்ரிக் ராத்கென். 1898இல் அவர் எழுதிய நூலே இத் துறைக்கு முதற் கைந்நூல் எனலாம். மின்னோட்டத்தைச் செலுத்திக் களிம்பைப் போக்கும் முறையை அவர் காலத்தவர் பெரிதும் போற்றினர். உட்கரு திண்ணமாய் உள்ள பெரிய படிமங்களுக்கு அது பயன்பட்டது. மெல்லிய காசுகளிலோ, களிம்பினுள் நின்ற எழுத்து உதிர்ந்து போயிற்று. அறிவியலும் ஒருகாலத்தில் புளியின் வேலையையே செய்தது! பின்னர் வந்தோர் அதனை உணர்ந்தனர். இன்று பேணுகையாளர் முதலில் எடுப்பது காடியை அன்று, உருப்பெருக்கியை. அதன்கீழ்க் காசை வைத்து, கூரிய சிறு கருவியாலும் மரச் சிராயாலும் முள்ளாலும் புறவோட்டை மட்டும் இம்மி இம்மியாகப் பெயர்த்தெடுத்து, எழுத்து நிற்கும் தளத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு காசுக்கு ஒருநாள் முழுதும் செல்வதும் உண்டு.

குளோரைடு நோய்க்கு, சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் கலந்தது போன்ற செசுகுவி கார்பனேட்டுக் கரைசலில் கிழமைக்கணக்கில், சிலபோது திங்கட்கணக்கில் ஊறவைத்து உப்பை இழுத்தெடுப்பது ஒரு முறை. அதுவும் களிம்பின் நிறத்தை மாற்றக்கூடியதாகலின், இன்று தயக்கத்தோடே கையாளப்படுகின்றது. 1967இல் டென்மார்க்கு நாட்டு மேட்சன் என்பார் எடுத்துரைத்த பென்சோத்திரையசோல் என்னும் பொருள், செம்பின்மேல் மெல்லிய காப்புப் படலமாய்ப் படிந்து ஈரத்தைத் தடுக்கின்றது. அஃது உடலுக்குத் தீங்கானது. வீட்டில் வைத்துக் கையாளத்தக்கதன்று. எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறப்போடுவாரும் உளர். எண்ணெய் குளிர்ச்சியானது, கெடுக்காது என்பது அவர் எண்ணம். எண்ணெயிலும் காடி உண்டு; அதுவும் களிம்பைக் கரைக்கும், மெதுவாகக் கரைக்கும் என்பதே வேறுபாடு.

காசு கிடைத்தவர் தாமே செய்யத்தக்கவை மிகச் சிலவே. காய்ச்சி வடித்த நீரில் இட்டு, நீரை நாடோறும் மாற்றி, இளகிய மண்ணை மென்மையான தூரிகையால் நீக்கலாம். பின்னர் நன்கு உலர்த்துதல் வேண்டும். குழாய்நீரும் கிணற்றுநீரும் ஆகா. அவற்றிலும் உப்பு உண்டு. வெறுங்கையால் தொடுதலும் நன்றன்று. வியர்வையிலும் அதே உப்பு. நெகிழி உறைகளிற் சிலவகை காலப்போக்கில் தாமே காடியை உமிழ்வன. ஆகவே தூய தாளுறை நன்று. காற்றின் ஈரம் 100க்கு 40 என்னும் அளவுக்குக் கீழ் நிற்பின் நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி 60க்கும் மேலேயே நிற்கும். எனவே, இறுக மூடிய சிமிழுக்குள், மருந்துப் புட்டிகளில் இடப்படும் ஈரமுறிஞ்சு மணிகளைப் பொதிந்து வைத்து, அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். உறையின்மேல் எந்த ஊரில், எந்த ஆற்றில், எவ்வளவு ஆழத்தில், எந்த நாளிற் கிடைத்தது என்பதை எழுதிவைத்தல் இவை எல்லாவற்றினும் தலையாயது. ஊர் தெரியாத காசு, தாய்தந்தை பெயர் தெரியாத பிள்ளை போன்றது.

இத்தனையும் சொல்லிக் குற்றத்தை முழுதும் பொதுமக்கள் தலையிற் சுமத்துவது முறையன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே வேதியற் பேணுகை ஆய்வகம் தொடங்கப்பெற்றது. அதன் முதற்பொறுப்பாளரான பரமசிவன், தஞ்சைப் பெருங்கோயிற் சோழர் ஓவியங்களின் வண்ணப்பூச்சு முறையையும் ஆராய்ந்த பெருமைக்குரியவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாய்த் தமிழ் மண்ணில் இவ் வறிவு இருந்து வருகின்றது. காசைக் கண்டெடுக்கும் உழவரை அந்த அறிவு வந்தடையவில்லையே, ஏன்? அருங்காட்சியகம் என்பது கண்ணாடிப் பேழைக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போகும் இடம் என்னும் எண்ணமே மக்களிடம் உள்ளது; தம் கைப்பொருளைக் கொண்டுசென்று அறிவு கேட்கும் இடம் என்று அவர்க்கு யார் சொன்னார்?

சட்டமும் அச்சத்தையே ஊட்டுகின்றது. வெள்ளையர் 1878இல் இயற்றிய புதையற் சட்டம், 10 உருபா மதிப்புக்கு மேற்பட்ட புதையல் நிலத்திற் கிடைப்பின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றது. அறிவித்தால் ஊர்க்காவலர் வருவர், வழக்கு வரும், வயலைத் தோண்டுவர் என்று அஞ்சும் சிற்றூரார், காசுகளைப் பழைய செம்பு வாங்கும் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டு வாளா இருந்து விடுகின்றனர். கடைக்காரர் உலைக்குப் புளியும் வேண்டுவதில்லை. எல்லா எழுத்தையும் ஒரே நொடியில் உருக்கிவிடும்.

மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் கிழமைக்கு ஒருநாள் இதற்கென ஒதுக்கலாம். உருப்பெருக்கியும் பயிற்சி பெற்ற ஓராளும் இருந்தாற் போதும். கொண்டுவரும் காசைப் பார்த்து, படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நோயுடையதாயின் ஆய்வகத்திற்கு அனுப்பி, சட்டப்படி அரசுக்கு உரியதாயின் அதற்குரிய ஈட்டுத்தொகையைக் காலத்தே அளித்து, இல்லையெனின் உரியவரிடமே திருப்பித் தந்து, கையோடு ஒரு பற்றுச்சீட்டும் கொடுத்தனுப்பலாம். அந்தப் பற்றுச்சீட்டு, அதனைப் பெறும் உழவர் படித்தறியுமாறு தமிழில் இருத்தல் வேண்டும்.